பதினேழு புத்தகங்கள், ஓர் ஊர்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வடமேற்கே குன்றுகள் சூழ்ந்த பகுதியில் இருக்கிறது லானோ கவுண்டி என்ற நிர்வாக மாவட்டம். மக்கள்தொகை ஏறத்தாழ 21,000. பொது நூலகத்துக்கு மூன்று கிளைகள். 2023 ஏப்ரல் 13 அன்று கவுண்டி ஆணையர்கள் ஒரு சிறப்புக் கூட்டம் போட்டார்கள். மூன்று நூலகங்களையும் மூடிவிடலாமா என்பதுதான் அன்றைய பொருள்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, மார்ச் 30 அன்று, ஆஸ்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி ராபர்ட் பிட்மன் ஓர் இடைக்கால உத்தரவு போட்டிருந்தார். கவுண்டி நிர்வாகம் அலமாரிகளிலிருந்து அகற்றியிருந்த புத்தகங்களை 24 மணி நேரத்துக்குள் திருப்பி வைக்க வேண்டும், நூல் அட்டவணையிலும் சேர்க்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. அவற்றைத் திருப்பி வைப்பதா, இல்லை நூலகத்தையே பூட்டிவிடுவதா என்று யோசிக்கிற இடத்துக்கு ஒரு கவுண்டி நிர்வாகம் வந்து நின்றது. அன்று ஊரார் திரண்டு வந்தார்கள். இரு தரப்பும் பேசியது. கடைசியில் மூடும் யோசனையை ஆணையர்கள் கைவிட்டார்கள். நூலகங்கள் மறுநாளும் திறந்தன.

நூல் தணிக்கைக்கு எதிரான போராட்டங்களை நாம் பெரும்பாலும் நீதிமன்றக் கதைகளாகவே படிக்கிறோம். இன்ன வழக்கு, இன்ன தீர்ப்பு, இன்ன நீதிபதி என்று. லானோவின் கதையைத் தொடர்ந்து கவனித்த எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நீதிமன்றம் தந்ததைப் பின்னால் நீதிமன்றமே திருப்பி எடுத்துக்கொண்டது. ஊரார் கூட்டத்துக்குப் போய்க் காப்பாற்றியது மட்டும் அப்படியே நின்றது.

கதை 2021 கோடையில் தொடங்குகிறது. குழந்தைகள் பகுதியில் இருந்த சில படக்கதைகள் மீது ஊர்க்காரர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். பின்பக்கத்தையும் குசு விடுவதையும் வைத்துச் சிறுவர்களைச் சிரிக்கவைக்கிற கதைகள் அவை. அந்த ஆண்டு அக்டோபரில் டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் மேட் கிராஸ் ஏறத்தாழ 850 நூல்களின் பட்டியலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, இவற்றில் எவை உங்களிடம் இருக்கின்றன, எவ்வளவு செலவிட்டு வாங்கினீர்கள் என்று கேட்டார். பள்ளிகளுக்கென்று போன பட்டியல் லானோவில் பொது நூலகத்தின் மேல் திரும்பியது. பட்டியலில் இருப்பவை தங்கள் நூலகத்தில் உண்டா என்று ஒரு குழுவினர் தேடினார்கள். அட்டவணையில் அகப்பட்டவற்றை ஆபாசம் என்று பெயரிட்டு அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

நீதிமன்றம் வரை போன புத்தகங்கள் பதினேழு. அவற்றில் ஏழு, மேலே சொன்ன சிறுவர் சிரிப்புக் கதைகள். மாரிஸ் செண்டக்கின் புகழ்பெற்ற படக்கதை ஒன்று. வளரிளம் பருவத்து உடல் மாற்றங்களைப் பற்றிய கையேடு ஒன்று. பாலின அடையாளம் பற்றிய சில இளையோர் நூல்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு எப்படித் தோன்றியது என்று மாணவர்களுக்காக எழுதப்பட்ட வரலாறு. இசபெல் வில்கர்சன் எழுதிய ‘காஸ்ட்’.

கடைசிப் பெயரில் தமிழ் வாசகர் சற்று நிற்கலாம். அந்தத் தலைப்பின் பொருள் சாதி. அமெரிக்க நிறவெறியை இந்தியச் சாதி அமைப்போடும் நாஜி ஜெர்மனியோடும் ஒப்பிட்டு, அம்பேத்கரையும் பேசுகிற நூல் அது. டெக்சஸின் சிற்றூர் ஒன்றில் கறுப்பினத்தவர் பட்டதைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு நம் ஊர்ச் சேரியின் வரலாறும் துணைக்கு வந்திருக்கும். அந்த நூலுக்கும் குசுக் கதைகளுக்கும் ஒரே தண்டனை. ஆபாசம் என்ற குற்றச்சாட்டு எவ்வளவு அகலமான வலை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

புகார் கொடுத்தவர்களின் கவலையை முழுக்கத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தையின் கையில் எந்தப் புத்தகம் போகலாம் என்று பெற்றோர் யோசிப்பது அவர்கள் கடமை. ஆனால் அந்த அதிகாரம் தன் பிள்ளையோடு முடிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கக் கூடாது, எதிர்வீட்டு எழுபது வயதுக்காரர் எதைப் படிக்கக் கூடாது என்று தீர்மானிக்க அது உரிமை தராது. லானோவில் நடந்தது இரண்டாவது வகை. இது பெற்றோரின் எழுச்சி என்று சொல்லப்படுவதையும் எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கம் 2024இல் பதிவுசெய்த தணிக்கை முயற்சிகள் 821. அவற்றில் 72 விழுக்காடு அமைப்புகளிடமிருந்தும் அரசுப் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்தும் வந்தவை. பெற்றோரிடமிருந்து வந்தவை 16 விழுக்காடு. ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழ் 2021-22 பள்ளி ஆண்டில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, அவற்றில் 60 விழுக்காட்டைக் கொடுத்தவர்கள் வெறும் 11 பேர் என்று தெரிந்தது.

லானோ அதிகாரிகள் தடை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. வழக்கமாகப் பழைய நூல்களைக் கழிப்பதுபோலக் கழித்தோம் என்றார்கள். எந்த நூலகத்திலும் அது அன்றாட வேலைதான். கிழிந்தது, காலாவதியானது, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாதது போன்றவற்றைக் கழித்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். எதை, எப்படிக் கழிப்பது என்று டெக்சஸ் மாநில நூலகம் ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. அதனால் இந்தச் சண்டையில் வரிசைதான் முக்கியம். கையேட்டைப் பார்த்துக் கழித்த நூல் மீது பிறகு புகார் வந்ததா? புகார் வந்த பிறகு கையேட்டைத் தேடினார்களா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தது ஊர்க்காரர்கள்தான். டெக்சஸில் அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற, நம் தகவல் உரிமைச் சட்டத்தைப் போன்ற ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அதிகாரிகளின் மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கினார்கள். யார் யாருக்கு எழுதினார்கள், எந்தத் தேதியில் எழுதினார்கள், எந்தப் பட்டியலை இணைத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. மேடைப் பேச்சைவிட, ஊர்வலத்தைவிட, இந்த அலுப்பான காகித வேலைதான் பின்னால் வழக்குக்கு முதுகெலும்பாயிற்று. போராட்டக் கதைகளில் இந்தப் பகுதியை யாரும் விரித்து எழுதுவதில்லை. விரித்து எழுத வேண்டும்.

இதற்குள் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் குழந்தைகள் நூல்களைச் சரிபார்க்க மூன்று கிளைகளையும் சில நாள் மூடியது. மின்நூல் சேவையில் தாங்கள் விரும்பாத தலைப்புகளைத் தடுக்க முடியாது என்பதால் அந்தச் சேவையையே நிறுத்தியது. 2022 ஜனவரியில் பழைய நூலக ஆலோசனைக் குழுவைக் கலைத்துப் புதிய குழு அமைத்தது. புகார் கொடுத்தவர்கள் அதில் உறுப்பினர்கள் ஆனார்கள். அந்தக் குழு தன் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரக் கூடாது என்று முடிவுசெய்தது. மார்ச்சில், கிங்ஸ்லண்ட் கிளையின் தலைமை நூலகரை வேலையிலிருந்து நீக்கினார்கள். புத்தகங்களை அகற்ற மறுத்ததே காரணம் என்று அவர் பின்னர் வழக்குத் தொடுத்தார். 2022 ஏப்ரலில் ஊர்க்காரர்கள் ஏழு பேர் நூல்களுக்காக வழக்குப் போட்டார்கள். அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமையில், பிறர் எழுதியதைப் பெற்றுப் படிக்கும் உரிமையும் அடங்கும் என்பது அவர்கள் வாதம்.

வழக்கு நடக்கும்போது ஒன்று வெளிவந்தது. அந்தப் பதினேழு நூல்களின் படிகள் நூலகத்துக்கு நன்கொடையாக வந்தன. தந்தவர் கவுண்டியின் வழக்கறிஞர். அவை அலமாரிக்குப் போகவில்லை, அட்டவணையிலும் ஏறவில்லை. மேசைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்களாம். நூல்தான் இருக்கிறதே, பிறகு வழக்கு எதற்கு என்று கவுண்டி வாதாடியது.

அட்டவணையில் இல்லாத நூலை எப்படிக் கேட்பது? தன் உடலையும் மனத்தையும் பற்றிக் குழம்பி நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, ஊரில் எல்லோரையும் தெரிந்த நூலகப் பணியாளர் முன்னால் போய் அந்தப் பெயரைச் சொல்லுமா? சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு நூலும் தன் வாசகரைக் கண்டடைய வேண்டும் என்பது மூன்றாவது விதி. அந்த மூன்றாவது விதியிலிருந்துதான் அவர் திறந்த அடுக்கு முறைக்கு வாதாடினார். வாசகர் அலமாரிகளுக்கிடையே நடக்க வேண்டும், தேடி வராத நூல் கண்ணில் பட வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்கும் நூல் யார் கண்ணிலும் படாது.

நீதிமன்றம் இதில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று அறிய, பின்னோக்கி 1975க்குப் போக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி மாவட்டம். அதன் வாரிய உறுப்பினர்கள் மூவர் ஒரு பெற்றோர் அமைப்பின் மாநாட்டுக்குப் போய் ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். அந்த நவம்பரில் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடந்த இரவு, அவர்களில் இருவர் நூலகத்துக்குள் போய் அட்டவணை அட்டைகளைப் புரட்டினார்கள். பட்டியலில் ஒன்பது நூல்கள் அகப்பட்டன. மாவட்டத்தின் மற்ற இடங்களில் இன்னும் இரண்டு. 1976 பிப்ரவரியில் அகற்றச் சொன்னார்கள். கல்வி மேற்பார்வையாளரே ஆட்சேபித்தார். இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது, குழு அமைத்துப் படித்துப் பார்த்து முடிவெடுங்கள் என்றார்.

குர்ட் வானகட், ரிச்சர்ட் ரைட், பெர்னார்ட் மாலமுட் ஆகியோர் எழுதியவையும், லாங்ஸ்டன் ஹ்யூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகளும் பட்டியலில் இருந்தன. அமெரிக்காவுக்கு எதிரானவை, கிறிஸ்தவத்துக்கு எதிரானவை, யூதருக்கு எதிரானவை, அசிங்கமானவை என்று வாரியம் செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆலிஸ் சைல்ட்ரஸின் நாவல் எப்படி அமெரிக்காவுக்கு எதிரானது என்று விசாரணையில் கேட்டபோது, ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்று அதில் வருகிறது என்று உறுப்பினர்கள் பதில் சொன்னார்கள். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தது வரலாறு. வரலாற்றைச் சொல்வதே தேசத்துரோகம் ஆன இடம் அது.

நான்கு பெற்றோர், நான்கு ஆசிரியப் பணியாளர் கொண்ட குழு பின்னர் அமைந்தது. ஐந்து நூல்களை வைத்துக்கொள்ளலாம், இரண்டை எடுத்துவிடலாம் என்றது. மற்றவற்றில் கருத்து ஒன்றுபடவில்லை, ஒன்றை மட்டும் பெற்றோர் அனுமதியோடு தரலாம் என்றது. வாரியம் தான் அமைத்த குழுவின் சொல்லையே தள்ளிவிட்டு ஒன்பது நூல்களை விலக்கியது. 1977 ஜனவரியில் ஸ்டீவன் பிக்கோ என்ற பதினேழு வயது மாணவரும் வேறு நான்கு மாணவர்களும் வழக்குப் போட்டார்கள்.

1982 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மாணவர் பக்கம் நின்றது. ஒரு நூலில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் அதை நூலகத்திலிருந்து அகற்றக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆனால் அந்தக் காரணத்தில் ஐந்து பேரும் ஒன்றுபடவில்லை. ஐந்தாமவரான நீதிபதி வொயிட், வாரியத்தின் நோக்கம் என்ன என்று முதலில் விசாரிக்கட்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த விசாரணை நடக்கவேயில்லை. ஆகஸ்டில் வாரியம் தானாகவே நூல்களைத் திருப்பி வைக்க வாக்களித்தது. எடுக்கும் பிள்ளையின் பெற்றோருக்குத் தகவல் போகும் என்று ஒரு நிபந்தனை போட்டது. அடுத்த ஜனவரியில் அதையும் விலக்கியது. ஏழாண்டுச் சண்டைக்குப் பிறகு நூல்கள் திரும்பின. சட்டத்தில் மட்டும் ஓர் ஓட்டை அப்படியே நின்றது.

லானோ வழக்கு அந்த ஓட்டையில்தான் விழுந்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டில் மூவர் அமர்வு, பதினேழில் எட்டு நூல்களுக்கு மட்டும் பாதுகாப்புத் தந்தது. 2025 மே 23 அன்று ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 10க்கு 7 என்று அதையும் புரட்டிப்போட்டது. பொது நூலகம் ஒரு நூலை விலக்கியதை எதிர்த்து, படிக்கும் உரிமையின் பெயரால் வாசகர் வழக்காட முடியாது என்றது. நூலகத்தில் கிடைக்காத நூலைக் கடையில் வாங்கலாம், நண்பரிடம் இரவல் வாங்கலாம் என்றும் சொன்னது. டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. டெக்சஸ், லூயிசியானா, மிசிசிப்பி ஆகிய மூன்று மாநிலங்களிலும் இன்று இதுதான் சட்டம்.

இந்தத் தீர்ப்பு தவறு என்றே நினைக்கிறேன். கடையில் வாங்க முடியாதவருக்காகத்தான் பொது நூலகம். இரவல் தர நண்பர் இல்லாதவருக்காகத்தான் பொது நூலகம். அவர்களிடம் போய் வாங்கிக்கொள் என்று சொல்வது நூலகம் ஏன் வந்தது என்பதையே மறப்பது.

சரி, நீதிமன்றம் கைவிட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது? பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தைப் பாருங்கள். 2020 இறுதியில் அதன் வாரியம் ஒரு பட்டியலில் இருந்த நூல்களையும் காணொளிகளையும் முடக்கியது. கறுப்பினத்தவர் உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் பற்றிய சிறுவர் நூலும் அதில் அடக்கம். 2021 செப்டம்பரில் மாணவர்கள் தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளி வாசலில் பதாகையோடு நின்றார்கள். பிறகு வகுப்புக்குப் போனார்கள். மறுநாளும் நின்றார்கள். அந்த மாதம் 20ஆம் தேதி வாரியம் தடையை விலக்கியது. எந்த நீதிபதியும் தேவைப்படவில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் டவுன்ஷிப்பின் கதை கடினமானது. அங்கே பாட்மோஸ் நூலகத்துக்கு வருமானத்தின் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. நம் ஊரில் சொத்து வரியோடு நூலக வரி தானாகச் சேர்ந்து வந்துவிடுகிறது. அங்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஊரார் வாக்களித்துப் புதுப்பிக்க வேண்டும். தன்பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய நூல்கள் அங்கே இருப்பதை எதிர்த்தவர்கள் வரியைத் தோற்கடியுங்கள் என்று ஊராரைக் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் வரி தோற்றது. நவம்பரில் மறுபடியும் வாக்கெடுப்பு, மறுபடியும் தோல்வி. ஆக, ஊர் கூடினால் நூலகம் பிழைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கூடிய ஊர் பூட்டுப் போடவும் வாக்களிக்கும். நாடெங்குமிருந்து வந்த நன்கொடைகள் கதவைத் திறந்தே வைத்திருந்தன. ஆதரவாளர்கள் மீண்டும் அக்கம்பக்கத்தாரிடம் போய்ப் பேசினார்கள். 2023 நவம்பரில், மூன்றாவது முறை, வரி நிறைவேறியது.

1950இல் ஊரார் போராடித் தோற்ற கதையும் ஒன்று உண்டு. ஓக்லஹோமாவின் பார்ட்ல்ஸ்வில் ஊரில் முப்பது ஆண்டுகளாக நூலகராக இருந்த ரூத் பிரவுனை, இடதுசாரி இதழ்களை வைத்திருந்தார் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்டு அவர் செயல்பட்டதே உண்மையான காரணம். நண்பர்கள் குழு அமைத்தார்கள், வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் குழு திரட்டிய ஆவணங்களும் எழுதிய கடிதங்களும் இருப்பதால்தான் இன்று நாம் அந்தக் காரணத்தை அறிகிறோம்.

நூலகப் போராட்டக்காரர்கள் இன்று ஊர் ஊராகக் கேட்பது பெரிய கோரிக்கைகள் அல்ல. புகார் எழுத்தில் வரட்டும். புகார் தருபவர் முழு நூலையும் படித்தாரா என்று படிவம் கேட்கட்டும். முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும். கூட்டம் திறந்த கதவோடு நடக்கட்டும். ஐலண்ட் ட்ரீஸில் மேற்பார்வையாளர் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். லானோவின் ஆலோசனைக் குழு முதலில் மூடியதும் அந்தக் கதவைத்தான்.

தமிழ்நாட்டின் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பல ஊர்களில் பெயர்ப்பலகையாக இருக்கிறது, சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. உங்கள் கிளை நூலகத்தில் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்ட தேதியில் போய் உட்காருங்கள்.